கீழாநெல்லி எது? பூவும் காயும் சொல்லும் சான்று



ஒரே சாயலில் இருக்கும் செடிகளைப் பூவையும் காயையும் கொண்டு எவ்வாறு பிரித்தறிவது என்பதே இன்றைய உரையின் பொருள். ஏதோ தாவரவியல் வல்லுநர்களுக்கு உரிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டு வாசலில், சாக்கடை ஓரத்தில், செம்பனை வரிசைகளுக்கு நடுவில், பள்ளித் திடலின் வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கும் ஒரு சிறு பூண்டைப் பற்றியே பேசப்போகிறோம். அதன் பெயர் கீழாநெல்லி.

மஞ்சள் காமாலை என்றதும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். வேரோடு பறித்து, கழுவி, அரைத்து, மோரில் கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோருடன் கப்பலேறி வந்தது. புக்கிட் செந்தோசா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் தோட்டங்கள் பல தாமான்களாக மாறிவிட்டன. இருந்தும் கீழாநெல்லியை அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். ஆனால், "கீழாநெல்லி பறித்து வா" என்று பேரப்பிள்ளையை அனுப்பினால், அவன் கொண்டு வருவது கீழாநெல்லிதானா? இதுதான் கேள்வி. நம் மண்ணில் அதே உயரம், அதே இலை, அதே போன்ற காய் வரிசை உடைய செடி ஒன்றல்ல. குறைந்தது மூன்று இருக்கின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். கீழே காய் உடைய நெல்லி என்பதால் கீழ்க்காய்நெல்லி என்றும், பேச்சில் கீழாநெல்லி என்றும் ஆயிற்று. மலாய்க்காரர்கள் இதனை 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள்; குழந்தையைச் சுமப்பது என்று பொருள். தாய் குழந்தையைச் சுமப்பது போல, இலைக்கொத்து தன் முதுகில் காய்களைச் சுமக்கிறது. சீனர்கள் இதன் உறவுச் செடி ஒன்றுக்கு 'இலைக்கடியில் முத்து' எனப் பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். மூன்று இனத்தவரும் பெயர் வைக்கும்போது இலையை விட்டுவிட்டுக் காயைத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்று நாம் கற்கப்போகும் பாடத்தின் சாரமும் இதுவே.

இலையை ஏன் நம்பக்கூடாது? இலை சூழ்நிலைக்குத் தக்கபடி மாறும் உறுப்பு. செம்பனை நிழலில் வளர்ந்த செடியின் இலை அகன்று மெலிந்திருக்கும். வெயில் காயும் செம்மண் மேட்டில் முளைத்த அதே இனத்தின் இலை சிறுத்துத் தடித்திருக்கும். எருவும் நீரும் வயதும் இலையை மாற்றும். பூ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இதழ் எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை, சூலகத்தில் அறைகள் எத்தனை என்பன வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப மாறுவது அரிது. இனத்தைப் பெருக்கும் வேலை பூவினுடையது; ஆகவே அதன் அமைப்பு தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் செடிகளை வகைப்படுத்தியபோது மகரந்தத்தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணியே வகுப்புகளைப் பிரித்தார். அவருடைய முறை பிற்காலத்தில் மாற்றப்பட்டாலும், பூவை முதல் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கீழாநெல்லியின் இலையில் இன்னொரு மயக்கமும் உண்டு. பார்வைக்கு அது புளிய இலை போல, தொட்டாற்சிணுங்கி இலை போலத் தோன்றும். ஒரு நரம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் அடுக்கியிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரே இலை அன்று. ஒரு சிறு கிளை. அதில் அடுக்கியிருப்பவை தனித்தனி இலைகள். இதற்குச் சான்று என்ன? பூதான். பூ பொதுவாக இலையும் தண்டும் சேரும் கக்கத்திலிருந்து பிறக்கும். தொட்டாற்சிணுங்கியின் சிற்றிலைக் கக்கத்தில் ஒரு பூவையும் காண முடியாது. கீழாநெல்லியிலோ ஒவ்வொரு சிற்றிலையின் கக்கத்திலும் பூவோ காயோ இருக்கிறது. ஆகவே அது முழு இலை. இச்செடியின் பேரினத்துக்கு 'பில்லாந்தஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் இலை, பூ என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது.

சரி, இதற்கு நெல்லி என்று ஏன் பெயர் வந்தது? மரமாக வளரும் நெல்லியும் தரையில் கிடக்கும் இப்பூண்டும் எப்படி உறவாகும்? நெல்லிக்காயைத் தின்றபின் கொட்டையை வெயிலில் உலர்த்தி உடைத்துப் பாருங்கள். மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள். கீழாநெல்லியின் முற்றிய காயை வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கிப் பாருங்கள். கடுகை ஒத்த அந்தக் காயிலும் மூன்று அறைகள், ஆறு விதைகள். பெரிய மரமும் சிறிய பூண்டும் ஒரே பேரினம் என்று தாவரவியலார் சேர்த்ததற்கு இவ்வகை அமைப்பே காரணம். பெயர் வைத்த நம் முன்னோரும் காயைப் பார்த்தே உறவு கண்டார்கள். மலாக்கா நகரின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் மலாக்கா மரமும் இந்த நெல்லி வகைதான்.

இங்கே ரப்பர் மரத்தையும் நினைத்துக்கொள்வோம். ரப்பர்க் காய் வெயிலில் 'பட்' என்று வெடித்துக் கொட்டைகளைத் தூர எறிவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அக்காயிலும் மூன்று அறைகள். ஆனால் அறைக்கு ஒன்றாக மூன்றே கொட்டைகள். ஆமணக்குக் காயும் அப்படியே. முற்காலத்து நூல்கள் ரப்பர், ஆமணக்கு, மரவள்ளி, நெல்லி அனைத்தையும் ஒரே ஆமணக்குக் குடும்பத்தில் வைத்தன. மரபணு ஆய்வுகள் வந்தபின் நெல்லி வகைகள் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அறைக்கு ஒரு சூல் உடையவை ஒரு பக்கம், இரண்டு சூல் உடையவை இன்னொரு பக்கம். ஆய்வுக்கூடம் கண்ட அந்தப் பிரிவை, காயை உடைத்து விதையை எண்ணும் மூன்றாம் ஆண்டு மாணவனும் கண்டுகொள்ளலாம்.

இனி நம் மூன்று செடிகளுக்கு வருவோம். தாவரவியலார் இவற்றுக்கு இட்ட பெயர்கள் பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் யூரினேரியா, பில்லாந்தஸ் டெபிலிஸ். தமிழ் மருத்துவர்கள் கீழாநெல்லி என்று இன்று பெரும்பாலும் கொள்வது அமாரஸ். அமாரஸ் என்றால் இலத்தீனில் கசப்பு. இரண்டாவதைச் சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்வதுண்டு. அதன் தண்டு பெரும்பாலும் செந்நிறம் பாய்ந்திருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிழலில் வளர்ந்தால் சிவப்பு மங்கிவிடும்.

கிளையைத் திருப்பிப் பிடியுங்கள். காயைப் பாருங்கள். காயின் மேல் தோல் வழுவழுப்பாக இருக்கிறதா, அல்லது சிறு செதில்களும் முண்டுகளுமாகச் சொரசொரப்பாக இருக்கிறதா? சொரசொரப்பாக இருந்து, காம்பு இல்லாததுபோல் கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது யூரினேரியா. வழுவழுப்பாக இருந்து, ஒரு மெல்லிய காம்பில் தொங்கினால் அது அமாரஸ் அல்லது டெபிலிஸ்.

இந்த இரண்டில் எது? காய்க்கு மேல் காம்பு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இச்செடிகளின் பூவிதழ் காய் முற்றும்வரை உதிர்வதில்லை. சிறு நட்சத்திரம் போல அங்கேயே ஒட்டியிருக்கும். அந்த நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள் என்றால் அமாரஸ். ஆறு என்றால் டெபிலிஸ். யூரினேரியாவுக்கும் ஆறுதான்.

இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது, நேயர்களே. காயின் வழுவழுப்பை மட்டும் பார்த்தால் அமாரசும் டெபிலிசும் ஒன்றாகிவிடும். இதழ் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யூரினேரியாவும் டெபிலிசும் ஒன்றாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூன்றும் மூன்றாகப் பிரியும். ஒரு சாட்சியை வைத்து வழக்கைத் தீர்க்கக்கூடாது என்பது போல, ஓர் அடையாளத்தை வைத்துச் செடியைத் தீர்மானிக்கக்கூடாது.

மூன்றாவது சாட்சியாக, பூக்கள் அமர்ந்திருக்கும் வரிசையைக் கேட்கலாம். இச்செடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அமாரசில் கிளையின் அடிக்கணுக்கள் இரண்டு மூன்றில் ஆண் பூக்கள் மட்டும் இருக்கும். அதற்கு மேலே ஒவ்வொரு கக்கத்திலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக இருக்கும். ஆகவே காய்கள் கிளையின் நீளம் முழுவதும் தொடர்கின்றன. யூரினேரியாவிலோ பெண் பூக்கள் கிளையின் அடிப்பகுதியிலும் ஆண் பூக்கள் நுனிப்பகுதியிலும் பிரிந்து நிற்கின்றன. அதனால் காய்கள் அடிப்பக்கம் நெருங்கியிருக்கும். நுனி வெறுமையாகத் தோன்றும்.

நான்காவது சாட்சி விதை. அமாரஸ் விதையின் முதுகில் நீளவாக்கில் வரிகள் ஓடும். யூரினேரியா விதையில் குறுக்கு வரம்புகள், ஏணிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். விதை ஒரு மில்லிமீட்டர் அளவே ஆனாலும், நல்ல பூதக்கண்ணாடியில் இது தெளிவாகத் தெரியும். காய்ந்து பொடியாகும் நிலையில் உள்ள மருந்துச் சரக்கில் இலையெல்லாம் நொறுங்கியிருந்தாலும் விதை நொறுங்குவதில்லை. கடைச் சரக்கைச் சோதிப்பவர்களுக்கு இதனால் விதை பெரிய துணை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதன் வரலாற்றைச் சற்றே கேட்டால் விடை கிடைக்கும். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் ஒரு நூலை உருவாக்கினார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. உள்ளூர் வைத்தியர்கள் சொன்ன பெயர்களே அதில் இடம்பெற்றன. 'கிர்கனெலி' என்று ஒரு செடியும், 'செறு கிர்கனெலி' என்று இன்னொரு செடியும் தனித்தனிப் படங்களோடு அதில் உள்ளன. நம் கீழாநெல்லி என்ற சொல்லே அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலபார் வைத்தியர்கள் இரண்டையும் பிரித்து அறிந்திருந்தார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

1753-இல் லின்னேயஸ் தம் நூலில் நிரூரி என்றும் யூரினேரியா என்றும் இரு பெயர்களை இட்டார். நிரூரி என்ற பெயரில்தான் குழப்பம் புகுந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றையும் மலபார்க் கீழாநெல்லியையும் ஒன்றாகவே கருதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 1950-களில் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் மேற்கிந்தியத் தீவுகளின் செடிகளை ஆராய்ந்தபோது, உண்மையான நிரூரி அமெரிக்காவுக்கு உரியது என்று தெளிவாயிற்று. 1985-இல் மித்ரா, ஜெயின் என்னும் இந்தியத் தாவரவியலார் இருவர், இந்திய நூல்களில் நிரூரி என்று எழுதப்பட்டது உண்மையில் அமாரஸ், டெபிலிஸ், பிரேட்டர்னஸ் என்னும் மூன்று செடிகளின் கலவை என்று எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் கடையில் விற்கும் மருந்துப் பொட்டலங்களில் நிரூரி என்ற பெயரை இன்றும் காண்கிறோம்.

பெயர் குழம்பினால் ஆராய்ச்சியும் குழம்பும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும், 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஹெப்படைட்டிஸ் 'பி' கிருமியை உடலில் நெடுநாள் சுமப்பவர்களுக்கு அமாரஸ் பொடியை 30 நாட்கள் கொடுத்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் அமாரசைக் கொண்டு செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு சீனாவில் அமாரஸ் உட்பட மூன்று இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்றும் ஒரே விளைவைத் தரவில்லை. 2011-இல் பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் குழுவினர், நெடுநாள் ஹெப்படைட்டிஸ் 'பி' நோய்க்கு இச்செடி வகை பயன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தார்கள். எந்த மண்ணில் வளர்ந்த எந்த இனம் என்று தெரியாமல், கீழாநெல்லி நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை என்பதை நாம் உணர வேண்டும்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கண் மஞ்சளாவது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். கல்லீரல் அழற்சியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும், எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலாலும் வரும். செம்பனைத் தோட்டங்களில் எலி அதிகம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எலிக்காய்ச்சலில் நாட்களைக் கடத்தினால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கண் மஞ்சளானால் முதலில் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். இரத்தம் சோதிக்க வேண்டும். செடியை அறிந்துகொள்வது அறிவு. அதை நம்பி மருத்துவரை ஒதுக்குவது அறிவாகாது. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் 'பி' தடுப்பூசி போடப்படுகிறது, அதைத் தவறவிடக்கூடாது. மேலும், செம்பனை அடியிலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மருந்து அடித்த இடத்தில் தப்பிப் பிழைத்த செடியில் அந்த நஞ்சு ஒட்டியிருக்கலாம். சரியான இனமே ஆனாலும் அதை வாயில் வைக்கக்கூடாது.

இதே பாடத்தை ஆற்றங்கரையிலும் படிக்கலாம். கோலசிலாங்கூரில் சிலாங்கூர் ஆற்றோரம் உள்ள கம்போங் குவாந்தானில், இரவில் மரமெங்கும் மின்மினிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதைக் காண வெளிநாட்டாரும் வருகிறார்கள். அந்த மரத்தின் பெயர் பெரெம்பாங். அதன் நெருங்கிய உறவு பெரெப்பாட். இரண்டும் சதுப்பு நில மரங்கள். இரண்டும் சேற்றிலிருந்து கூம்பு போன்ற மூச்சு வேர்களை மேலே நீட்டுகின்றன. பூ இரவில் மலர்ந்து, விடிவதற்குள் வாடிவிடும். விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மகரந்தத்தாள்களைப் பொறுக்கிப் பாருங்கள். அடிப்பாகம் சிவந்திருந்து, இதழும் சிவப்பாக இருந்தால் பெரெம்பாங். முழுவதும் வெள்ளை என்றால் பெரெப்பாட். காயிலும் வேறுபாடு உண்டு. பெரெம்பாங் காயின் அடியில் புல்லிவட்டம் தட்டு வைத்தாற்போல் நட்சத்திர வடிவில் விரிந்திருக்கும். பெரெப்பாட் காயை அது கிண்ணம் போலத் தாங்கி, நுனிகள் பின்னோக்கி மடிந்திருக்கும்.

பெரெப்பாட் உப்பு மிகுந்த கடலோரத்து மரம். பெரெம்பாங் உப்பு குறைந்த, ஆற்றுநீர் கலக்கும் இடத்து மரம். மின்மினிகளுக்காகக் கரையோரம் கன்று நடுபவர்கள் இரண்டையும் மாற்றி நட்டால் உழைப்பு வீணாகும். கன்றில் பூ இராது. ஆகவே விதை எடுக்கும்போதே தாய்மரத்தின் காயைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இவ்வகை மரங்களின் பூவைத் தேடிவரும் தேனுண்ணும் வௌவால்களே டுரியான் பூவையும் கருவுறச் செய்கின்றன. ஆற்றோர மரம் அழிந்தால் மேட்டு நிலத்து டுரியானும் பாதிக்கப்படும். ஒரு மரத்தைச் சரியாக அடையாளம் காண்பதில் இத்தனை தொடர்பு அடங்கியிருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, இப்பாடத்தை நடத்தப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாள், ஒரு குண்டூசி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பத்துக் காசு நாணயம் போதும். மருந்து அடிக்காத இடத்திலிருந்து இருவர் ஒரு செடியாகப் பறிக்கட்டும். காயை நாணயத்தின் பக்கத்தில் வைத்து வரையட்டும். தோல் வழுவழுப்பா, சொரசொரப்பா. காம்பு உண்டா, இல்லையா. இதழ் ஐந்தா, ஆறா. விதையின் வரி நீளவாக்கிலா, குறுக்கிலா என்னும் நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். விடையை எழுதிய பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் செடியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். எந்தச் செடியையும் வாயில் வைக்கக்கூடாது, பாடம் முடிந்ததும் கை கழுவ வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பூவும் காயும் இல்லாத இளஞ்செடியை ஒரு மாணவன் கொண்டு வந்தால் என்ன செய்வது? "இது இன்னும் தெரியவில்லை, பூக்கும்வரை காத்திருப்போம்" என்று எழுதச் சொல்லுங்கள். அதுவும் சரியான விடையே. ஒரு தொட்டியில் நட்டு, பூத்த பிறகு அந்த ஏட்டைத் திறந்து நிரப்பட்டும்.

வீட்டில் பாட்டியிடம் பெயரும் பயனும் கேளுங்கள். பள்ளியில் பூவையும் காயையும் எண்ணுங்கள். இரண்டு அறிவும் கைகோத்தால் கீழாநெல்லி என்ற பெயர் சரியான செடியின் மீது நிற்கும்.